ஷாமன் என்பவர் யார்? ஊருக்கான பொறுப்பு தனிநபர் பாதையாக மாறிய கதை

2022 நவம்பர் கடைசியில் இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மத விவரங்கள் வெளியாகின. கிறிஸ்தவர்கள் முதல் தடவையாகப் பாதிக்கும் கீழே, 46.2 சதவீதத்துக்கு வந்துவிட்டார்கள் என்பதுதான் பெரிய செய்தி. அதே அறிக்கையில் பலர் கவனிக்காத இன்னொரு தகவலும் இருந்தது. 2011இல் தங்கள் மதம் ‘ஷாமனிசம்’ என்று எழுதியவர்கள் 650 பேர். 2021இல் சுமார் 8,000 பேர்.

கிட்டத்தட்ட ஆறு கோடிப் பேர் வாழும் இடத்தில் 8,000 என்பது சிறிய எண்தான். ஆனாலும் பத்து ஆண்டில் பத்து மடங்குக்கும் மேல் வளர்ந்து, வளர்ச்சி விகிதத்தில் அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தது இதுதான். அதே கணக்கெடுப்பில் 37.2 சதவீதம் பேர் தங்களுக்கு மதமே இல்லை என்றிருக்கிறார்கள். தேவாலயத்தை விட்டு வெளியே வந்தவர்களில் சிலர் மரம், ஆறு, மேளம், கனவு என்று வேறொரு பக்கம் திரும்புகிறார்கள் என்பது தெரிகிறது.

இதைப் படிக்கும் நமக்குச் சில குழப்பங்கள் வருகின்றன. ஷாமன் என்றால் மந்திரவாதியா? நம் கோடாங்கியும் அவரும் ஒன்றா? வார இறுதியில் பணம் கட்டிக் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயமா இது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சொல்லின் பிறப்பு

‘ஷாமன்’ சைபீரியாவில் வாழும் எவென்கி மக்களின் சொல். கலைமான் வளர்த்தும் வேட்டையாடியும் பிழைத்த மக்கள் அவர்கள். 17ஆம் நூற்றாண்டில் ரஷ்யா கிழக்கு நோக்கிப் பரவியபோது அந்தச் சொல் ரஷ்ய மொழிக்குள் நுழைந்தது. சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்ட அவ்வாகும் என்ற பாதிரியார் தன் வாழ்க்கை வரலாற்றில் ஒரு காட்சியை எழுதியிருக்கிறார். படைத்தலைவர் ஒருவர் தன் மகனைப் போருக்கு அனுப்புகிறார். அனுப்பும் முன் உள்ளூர் ஷாமனைக் கூப்பிட்டு, “இந்தப் படை நல்லபடியாகத் திரும்புமா?” என்று கேட்கிறார். பாதிரியாருக்கு அது பெரும் ஆத்திரம். 1692இல் நிக்கோலாஸ் விட்சன் என்ற டச்சுக்காரர் வெளியிட்ட படத்தில், தலையில் மான்கொம்பும் கையில் மேளமுமாக நிற்கும் ஷாமனுக்கு மிருகக் கால்களை வரைந்து, ‘பிசாசின் பூசாரி’ என்று பெயரும் போட்டுவிட்டார்கள். ஐரோப்பா ஷாமனை முதலில் பார்த்த பார்வை அது.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு சந்தேகம் வரலாம். ‘சமணர்’ என்ற சொல்லோடு இதற்கு உறவு உண்டா? வடமொழி ‘ஸ்ரமண’ பௌத்தத்தின் வழியாக நடு ஆசியாவைக் கடந்து சைபீரியா போய் ‘ஷாமன்’ ஆனது என்று ஒரு கருத்து உண்மையிலேயே இருந்தது. ‘ஸ்ரமண’தான் நமக்குச் ‘சமணர்’ ஆனது. ஆனால் எவென்கியும் அதன் உறவு மொழிகளும் ஆழமாக வைத்திருக்கும் சொந்தச் சொல் இது என்று பல மொழியியலாளர்கள் அந்தக் கருத்தை ஏற்பதில்லை.

ஷாமனின் வேலை என்ன?

ஒவ்வொரு மக்களிடமும் இது வேறுபடும். இருந்தாலும் சைபீரியா, மங்கோலியப் பகுதிகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் சில அம்சங்கள் இருக்கின்றன.

1. அவர் தானாக விரும்பி வருவதில்லை. பெரும்பாலும் இளம் வயதில் விளங்காத ஒரு நோய் வருகிறது. தூக்கம் கெடுகிறது, கனவில் முன்னோர் வந்து அழைக்கிறார்கள். பலர் மறுத்துப் பார்க்கிறார்கள், மறுத்தால் நோய் முற்றுகிறது. கொரியாவில் இதற்கு ‘சின்பியோங்’, அதாவது தெய்வ நோய் என்றே பெயர். ‘நேரிம்குத்’ என்ற சடங்கு நடந்து அவர் முடாங், அதாவது கொரிய ஷாமன், ஆன பிறகுதான் அது அடங்கும் என்பது நம்பிக்கை.

2. அவர் போகிறார், வருகிறார். மேளம் அடித்துப் பாடித் தன்னிலை மறந்து, தன் உயிரைக் கீழுலகுக்கோ மேலுலகுக்கோ அனுப்புகிறார். நோயாளியின் உயிர் வழிதவறியிருந்தால் தேடிக் கூட்டி வருகிறார். வேட்டை ஏன் கிடைக்கவில்லை என்று விலங்குகளின் தலைவனிடம் கேட்டு வருகிறார்.

3. மேளம்தான் அவருடைய வாகனம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அல்தாய் மலைப்பகுதியில் புது மேளம் செய்தால் அதை உடனே அடிக்க மாட்டார்கள். முதலில் அதற்கு உயிர் கொடுக்க வேண்டும். மேளத்தின் மரச்சட்டத்தில் புளித்த பானம் தெளிப்பார்கள். அப்போது சட்டம் ஷாமனின் வாய் வழியாகப் பேசும். தான் எந்தக் காட்டில் மரமாக நின்றேன், எப்படி வெட்டினார்கள், எப்படி ஊருக்கு வந்தேன் என்று சொல்லும். அடுத்து தோல் பேசும். தன் தாய் தகப்பன், குட்டிப் பருவம், திரிந்த இடங்கள், கடைசியில் வேட்டைக்காரனின் கையில் விழுந்த நாள் வரைக்கும் அந்த விலங்கு சொல்லும். அது சொல்லி முடித்த பிறகுதான் ஷாமன் அதன் மேல் ஏறிப் பயணம் போகலாம். எந்த மரம், எந்த விலங்கு, எந்தக் காடு என்று தெரியாத மேளத்துக்கு அங்கே வேலையே இல்லை.

4. ஊர் அவரைக் கேள்வி கேட்கும். சொன்னது நடக்கவில்லை என்றால் மக்கள் அடுத்த முறை வேறு ஒருவரைத் தேடுவார்கள். அவர் கெடுதல் செய்கிறார் என்ற பயமும் அவர்களுக்கு உண்டு. மரியாதையும் சந்தேகமும் சேர்ந்தே அவரைச் சுற்றி இருக்கும்.

இந்த நான்கிலும் ‘என் மன அமைதி’, ‘என் தேடல்’ என்று எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஷாமன் போவது அடுத்தவருக்காக.

சாமியாடியும் ஷாமனும் ஒன்றா?

உறவு உண்டு, ஆனால் ஒன்றல்ல. நம் ஊரில் சாமி ‘இறங்குகிறது’, ‘வருகிறது’, முடிந்ததும் ‘மலையேறுகிறது’. அதாவது பயணம் செய்வது சாமி. மனிதர் இருக்கும் இடத்திலேயே இருக்கிறார், அவர் உடம்பைச் சாமி எடுத்துக்கொள்கிறது. சைபீரியாவைப் பற்றி எழுதப்பட்ட விளக்கங்களில் மனிதரின் உயிர் வெளியே போகிறது. மானுடவியலில் முன்னதை ஆவேசம் என்றும் பின்னதை உயிர்ப் பயணம் என்றும் பிரிப்பார்கள். நடைமுறையில் கோடு இவ்வளவு நேராக இருப்பதில்லை. சைபீரிய ஷாமன்கள் மேலும் ஆவிகள் இறங்குவதுண்டு.

நம் மரபின் பழமையும் சிறியதல்ல. சங்கப் பாடல்களில் முருகனின் பூசாரியான வேலன் வருகிறான், கழங்கு உருட்டிக் குறி பார்க்கிறான், வெறியாடுகிறான். மகள் மெலிந்துபோனதற்கு முருகு அணங்கியதுதான் காரணம் என்று தாய் நம்பி அவனைக் கூப்பிடுகிறாள். உண்மைக் காரணம் காதல் என்பது மகளுக்கும் தோழிக்கும் தெரியும். குறுந்தொகையின் 23ஆம் பாட்டில் அகவன் மகள் என்ற குறிசொல்லும் பெண்ணைத் தோழி அழைத்து, காதலனின் மலையைப் பாடிய பாட்டை இன்னொரு முறை பாடு என்கிறாள். குறி சொல்பவரை மதிக்கவும், அவர் சொல்வது தவறாகவும் இருக்கலாம் என்று நினைக்கவும் அந்தச் சமூகத்துக்குத் தெரிந்திருக்கிறது. இன்றும் கொடையில் புதிதாக ஒருவர் மேல் சாமி வந்தால், பெரியவர்கள் “வந்திருக்கிறது யாரு?” என்று கேட்டு உறுதி செய்துகொள்வதைப் பார்க்கலாம்.

வார இறுதிப் பயிற்சியாக மாறியது எப்படி?

சரி, எவென்கி காட்டிலிருந்து லண்டன் பயிற்சி அறைக்கு இது எப்படி வந்தது? இரண்டு பேரின் பங்கு பெரியது.

முதலாமவர் ருமேனியாவில் பிறந்த மதவரலாற்று அறிஞர் மிர்சா எலியாடே. 1951இல் பிரெஞ்சு மொழியில் வந்த அவருடைய நூல், உலகெங்கும் உள்ள மருத்துவப் பூசாரிகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. ஷாமனிசம் என்பது பரவசத்தை அடையும் தொன்மையான உத்தி என்பது அவர் விளக்கம். ‘உத்தி’ என்று ஆனதும் அதை மண்ணிலிருந்தும் மக்களிடமிருந்தும் பிரித்தெடுக்கலாம் என்ற எண்ணத்துக்கு வழி பிறந்தது.

இரண்டாமவர் அமெரிக்க மானுடவியலாளர் மைக்கேல் ஹார்னர். ஈக்வடாரில் ஷுவார் மக்களிடமும் பெருவில் கோனிபோ மக்களிடமும் களப்பணி செய்தவர். அங்கே அயவாஸ்கா என்ற, மாயத்தோற்றம் தரும் செடிப் பானத்தைக் குடித்த அனுபவம் அவர் வாழ்க்கையையே திருப்பியது. 1980இல் அவர் எழுதிய நூலும், நிறுவிய அறக்கட்டளையும் ‘கோர் ஷாமனிசம்’ என்ற முறையைப் பரப்பின. எந்த ஒரு மக்களின் சடங்கையும் நகலெடுக்காமல், எல்லோருக்கும் பொதுவானதை மட்டும் வடிகட்டி எடுத்ததாக அவர் சொன்னார். போதைச் செடி எதுவும் வேண்டாம், மேளம் போதும்.

பயிற்சி எளிமையானது. தரையில் படுத்துக் கண்ணைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். ஒருவர் நிமிடத்துக்கு 205 முதல் 220 அடி வரை, மாறாத வேகத்தில் மேளம் அடிப்பார். படுத்திருப்பவர் தனக்குத் தெரிந்த ஒரு மரப்பொந்தையோ ஊற்றையோ குகையையோ நினைத்து, அதன் வழியாகக் கீழே இறங்குவதாகப் போவார். அங்கே ஒரு விலங்கு எதிர்ப்பட்டால் அது அவருடைய துணை. கொஞ்ச நேரம் கழித்து மேளத்தின் தாளம் மாறும். அது திரும்பி வருவதற்கான அழைப்பு.

இதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே சீரான ஒலியில் மனம் ஆழமாகக் குவிவதும், உள்ளே தெளிவான காட்சிகள் எழுவதும் பலருக்கு நடக்கிறது. துக்கத்தில் இருப்பவருக்கு அது உண்மையான ஆறுதலாகவும் இருக்கலாம். ஆனால் மேலே சொன்ன நான்கு அம்சங்களோடு ஒப்பிட்டால், பயணம் மட்டும்தான் இங்கே வந்திருக்கிறது. அழைப்பு, அந்த மண்ணின் மேளம், கேள்வி கேட்கும் ஊர் ஆகிய மூன்றும் வரவில்லை.

இதே நூற்றாண்டில் மூல இடத்தில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1930களில் சோவியத் அரசு சைபீரிய ஷாமன்களைச் சுரண்டல்காரர்கள் என்று முத்திரை குத்தியது. மேளங்கள் பறிக்கப்பட்டன, பலர் சிறைக்குப் போனார்கள். 1990களின் தொடக்கத்தில் தெற்குச் சைபீரியாவின் துவா பகுதியில் வரலாற்றறிஞர் மொங்குஷ் கெனின்-லோப்சான் ‘துங்குர்’ என்ற ஷாமன் சங்கத்தை நிறுவினார். அந்தச் சொல்லுக்கு மேளம் என்று பொருள். 1993இல் ஹார்னரின் அறக்கட்டளையைச் சேர்ந்த குழு ஒன்று துவாவுக்கும் போனது.

பிரித்தெடுத்ததன் விளைவுகள்

மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன். முதல் இரண்டைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1. ஹுவாட்லா, மெக்சிகோ. மசாடெக் மக்களைச் சேர்ந்த மரியா சபீனா, காளானைக் கொண்டு இரவுச் சடங்கு நடத்தி நோய் தீர்ப்பவர். காளான்களைப் ‘புனிதக் குழந்தைகள்’ என்றுதான் அழைப்பார். 1955 ஜூனில் நியூயார்க் வங்கியாளர் கார்டன் வாசன் அவரைத் தேடி வந்தார். அங்கே சும்மா அனுபவத்துக்காகச் சடங்கு கேட்க முடியாது, ஒரு குறை இருக்க வேண்டும். தன் மகனின் நலம் தெரிய வேண்டும் என்று வாசன் காரணம் சொன்னார். 1957 மே மாதம் லைஃப் இதழில் அவர் கட்டுரை வந்தது. சபீனாவின் பெயரை மாற்றித்தான் எழுதியிருந்தார், ஆனாலும் ஊரைக் கண்டுபிடித்துக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். போலீஸ் வந்தது. சபீனாவின் வீடு தீக்கிரையானது. வாசன் வருவதற்கு முன் கடவுளைப் பார்ப்பதற்காக மட்டும் யாரும் இதைச் சாப்பிட்டதில்லை, நோயாளிக்காகத்தான் சாப்பிட்டோம் என்று பின்னாளில் அவர் சொல்லி வருந்தினார். வெளியாட்கள் வந்த பிறகு புனிதக் குழந்தைகள் வலுவிழந்துவிட்டதாகவும் சொன்னார். 1985இல் காலமானார்.

கொடைக்கானலில் போதைக் காளான் விற்றவர்கள் கைது என்ற செய்தியை நாம் அடிக்கடி பார்க்கிறோம். அந்தத் தேடலின் ஒரு வேர் 1957இன் அந்தக் கட்டுரையில் இருக்கிறது.

2. செடோனா, அரிசோனா. அமெரிக்கப் பழங்குடிகளான லக்கோட்டா மக்களிடம் ‘இனிபி’ என்ற வியர்வைக் குடில் சடங்கு உண்டு. வளைத்துக் கட்டிய வில்லோ கம்புகள், மேலே போர்வை, நடுவில் பழுக்கக் காய்ந்த கற்கள். கொஞ்சம் பேர் மட்டும் உள்ளே உட்காருவார்கள். நடத்துபவர் பல ஆண்டு கூடவே இருந்து கற்றவர். வெப்பம் தாங்கவில்லை என்றால் “மிதாக்குயே ஒயாசின்” என்று சொல்லலாம். ‘என் உறவுகள் அனைவருக்கும்’ என்பது போன்ற பொருள். சொன்னவருக்குக் கதவு திறக்கும்.

2009 அக்டோபர் 8 அன்று ஜேம்ஸ் ஆர்தர் ரே என்ற சுயமுன்னேற்றப் பேச்சாளர் செடோனா அருகே இப்படி ஒரு குடிலை நடத்தினார். ஆளுக்கு 9,000 டாலருக்கு மேல் கட்டியவர்கள் 50 பேருக்கும் அதிகமாக உள்ளே நெருக்கி உட்கார்ந்தார்கள். தாங்க முடியாமல் வெளியேற நினைத்தவர்களையும் உள்ளேயே இருக்கும்படி அவர் ஊக்கப்படுத்தியதாகச் சாட்சிகள் கூறினார்கள். மூன்று பேர் இறந்தார்கள். 2011இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது, இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. சடங்கின் சூட்டை எடுத்துக்கொண்டார், கதவைத் திறக்கும் சொல்லை எடுத்துக்கொள்ளவில்லை. இதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே, 1993 ஜூனில், தங்கள் ஆன்மிகத்தை விற்பவர்களுக்கு எதிராக லக்கோட்டா மக்கள் ‘போர்ப் பிரகடனம்’ ஒன்றை வெளியிட்டிருந்தார்கள்.

3. வெள்ளை சேஜ். தெற்குக் கலிபோர்னியாவிலும் அதை ஒட்டிய மெக்சிகோப் பகுதியிலும் மட்டும் இயற்கையாக வளரும் செடி. அதன் புகை அங்குள்ள பழங்குடிகளுக்குப் புனிதம். இப்போது ‘வீட்டைச் சுத்திகரிக்க’ என்று நம் நாட்டு ஆன்லைன் கடைகளிலும் கட்டுக்கட்டாக விற்கிறது. பாதுகாக்கப்பட்ட நிலங்களில் மூட்டை மூட்டையாகத் திருடியவர்கள் அங்கே பிடிபடுகிறார்கள். சாம்பிராணி போடும் வீட்டுக்கு அந்தச் செடி எதற்கு என்பது என் நேர்மையான கேள்வி.

இந்தப் பாதையில் போக நினைப்பவர் கேட்க வேண்டியவை

இயற்கையோடு ஓர் உறவு வேண்டும் என்ற ஏக்கம் உண்மையானது. நகரத்தில் பத்தாவது மாடியில் வாழ்பவருக்கு அது இன்னும் அதிகமாக இருக்கும். அந்த ஏக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பணம் கட்டும் முன் சில கேள்விகள் அவசியம்.

1. சொல்லித் தருபவர் யாரிடம் எத்தனை ஆண்டு கற்றார்? அவர் தவறு செய்தால் அதைச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? யாருக்கும் இல்லை என்றால் விலகிவிடுங்கள்.

2. நடுவில் எழுந்து போகலாமா? போனால் அவமானப்படுத்துவார்களா?

3. குடிக்கவோ சாப்பிடவோ எதையாவது கொடுக்கிறார்களா? அயவாஸ்காவில் இரண்டு செடிகள் சேர்கின்றன. ஒன்றில் டிஎம்டி என்ற மாயத்தோற்றப் பொருள் இருக்கிறது. இன்னொரு கொடி, வயிற்றில் அது சிதையாமல் தடுக்கிறது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர் இதைக் குடித்தால் உடம்பில் செரோடோனின் என்ற வேதிப்பொருளின் அளவு எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம். குடும்பத்தில் யாருக்காவது கடும் மனநோய் இருந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். இந்தியாவில் டிஎம்டியும், போதைக் காளானில் உள்ள சைலோசைபினும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. ‘ஆன்மிகம்’ என்று சொன்னால் போலீஸ் விடாது.

4. நோய்க்கு எடுக்கும் மருத்துவத்தை நிறுத்தச் சொல்கிறார்களா? சொன்னால் அங்கேயே பேச்சு முடிந்தது.

பூமி சார்ந்த ஆன்மிகம் என்ற பெரிய குடை

ஷாமனிசத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘பூமி சார்ந்த ஆன்மிகம்’ இன்னும் விரிந்த சொல். பிரிட்டனில் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெரால்ட் கார்ட்னர் பரப்பிய விக்கா என்ற நவீன சூனியக்கலை மதம், மரங்களையும் சூரியனின் நகர்வையும் போற்றும் ட்ரூயிட் குழுக்கள் எல்லாம் இதற்குள் வரும். 2010இல் ஒரு ட்ரூயிட் அமைப்புக்கு அங்கே அறநிலையத் தகுதி கிடைத்தது. 2021 கணக்கெடுப்பில் பேகன், அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய இயற்கை வழிபாட்டைப் பின்பற்றுபவர், என்று எழுதியவர்கள் சுமார் 74,000. பெரும்பாலும் பருவங்களை எட்டு விழாக்களாகக் கொண்டாடும் வழிபாடு இது. தன் ஊர் மண், தன் ஊர்ப் பருவம் என்று தொடங்குவதால், அடுத்தவர் சடங்கை எடுத்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு இதன்மேல் குறைவு. ஒருவர் தனியாகச் செய்யவும் இது இடம் தருகிறது. தினமும் ஒரே மரத்தடியில் போய் உட்காருவதற்கு யாருடைய உரிமமும் வேண்டாம்.

ஆனால் பூமியைத் தெய்வமாகப் பார்ப்பது வெறும் உணர்வாக நிற்காமல் சட்டமாகவும் ஆகியிருக்கிறது. 2008இல் ஈக்வடார் தன் அரசியலமைப்பிலேயே பாச்சமாமா என்ற இயற்கைத் தாய்க்கு உரிமைகள் எழுதியது. 2017இல் நியூசிலாந்து, மாவோரி மக்கள் தங்கள் முன்னோராகக் கருதும் வாங்கனுயி ஆற்றைச் சட்டப்படி ஒரு நபராக ஏற்றது.

நமக்கு அருகில் நடந்தது ஒடிசாவில். நியாம்கிரி மலையில் வாழும் டோங்ரியா கோந்த் மக்களுக்கு அந்த மலையின் அரசன் நியாம் ராஜா. உச்சியில் உள்ள காட்டை அவர்கள் வெட்டுவதில்லை. நோய்க்கும் விளைச்சலுக்கும் சன்னதத்தில் தெய்வங்களோடு பேசுகிற பெண்களை ‘பெஜுணி’ என்கிறார்கள். ஷாமன் என்று நூல்கள் விவரிக்கும் வேலையை இன்றும் செய்பவர்கள் அவர்கள். அந்த உச்சியில் அலுமினியத் தாதுவான பாக்ஸைட் வெட்ட ஒரு திட்டம் வந்தது. அது தங்கள் மத உரிமையைப் பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த ஜூலையிலும் ஆகஸ்டிலும் 12 ஊர்களில், மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவர் பார்வையிட, சபை கூடியது. ஆண்களும் பெண்களும் எழுந்து, இது எங்கள் ராஜாவின் மலை என்றார்கள். 12 சபைகளும் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுரங்கத்துக்கு அனுமதி மறுத்தது.